கேட்டவர்களுக்குப் பதில்: உதவித்தொகையா, ஊர் வேலையா?

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, அயர்லாந்தில் நீண்ட நாளாக வேலை கிடைக்காதவர்களை ஊர்ப் பொதுவேலையில் சேர்த்து அரசே காசு கொடுக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பகுதி முழுவதும். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அயர்லாந்து வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? நம் நூறு நாள் வேலையும் அதேதானே?
தஞ்சாவூர் வாசகர்

பாதி அதே, பாதி வேறு. நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்துக் குடும்பங்களுக்கானது. எத்தனை மாதமாக வேலை இல்லாமல் இருக்கிறீர்கள் என்று அது கேட்கவில்லை. உடலுழைப்புக்குத் தயார் என்று எழுதிக்கொடுத்தால் 15 நாளில் வேலை கொடு, இல்லையென்றால் படி கொடு என்றது. (அந்தப் படியைக் கையில் வாங்கிய யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை, அது தனிக்கதை.) 1972 வறட்சியில் மகாராஷ்டிரம் தொடங்கி 1977இல் சட்டமாகவே ஆக்கிய வேலை உறுதித் திட்டம்தான் இதற்கு மூத்தது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிய ஒரு வழி, அவ்வளவுதான் இரண்டின் நோக்கமும்.

அயர்லாந்தில் பிரச்சினை வேறு. அங்கே வேலை போனால் வாராவாரம் உதவித்தொகை வந்துவிடும். ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போய்விட்டால் முதலாளி யாரும் அந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை நாள் சும்மா இருந்தவர் என்று மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க 1994இல் கம்யூனிட்டி எம்ப்ளாய்மென்ட் என்ற திட்டம் வந்தது, ஊரில் எல்லோரும் சி.இ. என்பார்கள். பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடமாவது உதவித்தொகையில் இருந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 19½ மணி நேர வேலை. கையில் வருவது ஏறக்குறைய அந்த உதவித்தொகையும் மேலே ஒரு சிறு கூடுதலும்தான், பெரிய சம்பளம் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை கொடுப்பது அரசு அலுவலகம் இல்லை, அந்தந்த ஊரின் சங்கம். விளையாட்டு மைதானத்தைப் பராமரிப்பது, தனியாக வாழும் முதியவர்களுக்குச் சமைத்த சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, குழந்தைகள் காப்பகம், தெருவோரப் பூச்செடி, இப்படி. கூடவே படிப்புக்கும் சான்றிதழுக்கும் நேரமும் பணமும் உண்டு. இதன் தம்பிகளும் இருக்கிறார்கள்: வருமானம் போதாத சிறு விவசாயிகள், மீனவர்களுக்காக 2004இல் ஒன்று, பொருளாதாரம் விழுந்த பிறகு 2011இல் டூஸ் என்று இன்னொன்று.

கேள்வி: நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஊரில் ஒரு படிப்பகமும் மாலை வகுப்பும் நடத்துகிறோம். அரசு இப்படி நான்கு பேரை எங்களுக்குச் சம்பளத்தோடு அனுப்பினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். சரிதானே?
அரூர் வாசகர்

சரியில்லை, மன்னிக்கவும். நான்கு பேர் வந்து நின்றதும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். யார் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது? வராத நாளில் யார் போன் செய்வது? மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு வருபவருக்குக் காலையில் எழுந்து கிளம்புவதே ஒரு வேலை. ஒருவருக்குக் குடிப்பழக்கம் இருக்கும், ஒருவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா இருப்பார், ஒருவருக்கு எழுதப் படிக்கத் தடுமாற்றம் இருக்கும், அதை யாருக்கும் சொல்லாமல் இருப்பார். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு முழுநேர ஆள் வேண்டும். பெயின்ட், மண்வெட்டி, காப்பீடு, வாடகை, கணக்கு எழுதும் கூலி இதெல்லாம் அதற்கு மேல்.

அயர்லாந்து இதை ஓரளவு புரிந்துகொண்டது. சங்கத்துக்கு வரும் மானியத்தில் வேலைக்கு வருபவரின் பணம் மட்டும் இல்லை, மேற்பார்வையாளர் சம்பளமும், பொருள் செலவும், பயிற்சிச் செலவும் தனித்தனியாக உண்டு. நம் ஊரில் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் முதலில் வெட்டு விழுவது இந்த இடத்தில்தான். ஆளுக்குக் கொடுக்கிறோம், உங்களுக்கு வேறு எதற்கு என்பார்கள்.

ஆனால் அயர்லாந்தையும் ரொம்பப் புகழ வேண்டாம். அந்த மேற்பார்வையாளர்கள் பத்து இருபது வருடம் இதே வேலையில் இருந்தும் ஓய்வூதியம் கிடையாது. அவர்களுக்கு ஓய்வூதிய ஏற்பாடு செய்து கொடுங்கள் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008இல் பரிந்துரைத்தது. அரசு, நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, சங்கத்தின் ஊழியர் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காசு முழுக்க அரசுடையது, விதி முழுக்க அரசுடையது, ஓய்வூதியம் என்று வந்தால் மட்டும் முதலாளி வேறு யாரோ! கடைசியில் 2021 டிசம்பரில், ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரே தடவையாக ஒரு தொகை என்று ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இது உங்கள் படிப்பகத்துக்கு நேராகப் பொருந்தும். 2012இல் அயர்லாந்தில் வேலையின்மை 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது, அடுத்த சில வருடங்களில் 5 சதவீதப் பக்கம் இறங்கிவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் சி.இ.க்கு ஆள் கிடைக்காமல் போனதும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆள் இல்லை, காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சங்கங்கள் புலம்ப ஆரம்பித்தன. வேலையில்லாதவர்களுக்காகத் தொடங்கியது, ஊரின் அன்றாட சேவையே அதன் தோளில் நிற்கும்படி ஆகிவிட்டது. சாப்பாடு கொண்டுபோவது ஊருக்குத் தேவையான வேலை என்றால் அதற்கு நிரந்தர ஆளும் முழுச் சம்பளமும் போட்டிருக்க வேண்டும். அதைப் போடாமல் தப்பித்துக்கொள்ளவும் இந்தத் திட்டம் அரசுக்கு உதவியது என்பதுதான் என் எண்ணம். உங்கள் மாலை வகுப்பு ஆசிரியரை இப்படி வரும் ஆள்களை நம்பி வைக்காதீர்கள்.

கேள்வி: வரிப்பணத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் என்ன தப்பு? செய்யாவிட்டால் காசை நிறுத்த வேண்டியதுதானே?
கோவில்பட்டி வாசகர்

செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் 2011இல் ஒரு பட்டதாரிப் பெண், வேலை தேடிக்கொண்டே ஒரு அருங்காட்சியகத்தில் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்துகொண்டிருந்தார். தான் படித்த துறையில் ஒரு பிடி கிடைக்கும் என்ற நம்பிக்கை. வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை அதிலிருந்து கிளப்பி, எல்லாம் ஒரு பவுண்டு என்று விற்கிற கடையில் அலமாரி அடுக்க அனுப்பியது, கூலி இல்லாமல். போகாவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிமுறைகள் செல்லாது என்றது. அரசு என்ன செய்தது தெரியுமா? அடுத்த மாதமே பழைய தேதியிட்டு ஒரு சட்டம் போட்டு, நிறுத்திய காசைத் திருப்பிக் கொடுக்காமல் தப்பப் பார்த்தது. இதில் பொதுவேலை எங்கே இருக்கிறது? கடைக்காரருக்கு ஓசி ஆள், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் 1990களின் கடைசியிலிருந்து இப்படி ஒரு திட்டம் உண்டு, உதவித்தொகைக்கு ஈடாக வேலை. உள்நாட்டுத் தொலைதூரப் பகுதிகளில் பழங்குடி மக்களுக்கு அதைவிடக் கடுமையான விதிகள் இருந்தன, நகரத்தில் இருப்பவரைவிட அதிக மணி நேரம், ஒரு நாள் தவறினால் அபராதம். அரசு அந்தப் பகுதிகளில் கட்டாயத்தை 2021இல்தான் கைவிட்டது. 2016 ஏப்ரலில் டூவூம்பா நகரக் கண்காட்சி மைதானத்தில் இந்தத் திட்டத்தில் வேலை செய்த 18 வயதுப் பையன் டிரெய்லரிலிருந்து விழுந்து இறந்தான். கட்டாயப்படுத்தி அனுப்பும்போது, இந்த வேலை ஆபத்து, நான் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்?

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வேலை உண்மையிலேயே தேவையானதாக இருந்து, கூலி உண்மையான கூலியாகவும் இருந்தால் கட்டாயப்படுத்தத் தேவையே வருவதில்லை, வரிசையில் நிற்கிறார்கள். கீழே ஆஸ்திரியா பதிலைப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் வேலை பார்த்த மில் மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. வாடகைக்கு விட்டிருக்கும் கடை ஒன்றிலிருந்து கொஞ்சம் வருமானம் வருவதால் பட்டினி இல்லை. ஆனால் மனிதர் ஆளே மாறிவிட்டார். பேப்பர்கூடப் படிப்பதில்லை, காலையும் மாலையும் ஒன்றாக ஆகிவிட்டது. இது காசுக் கவலையா, வேறு எதாவதா?
விருதுநகர் மாவட்ட வாசகி

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஏறக்குறைய 95 வருடத்துக்கு முன் ஆஸ்திரியாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். வியன்னாவுக்குப் பக்கத்தில் மாரியன்தால் என்று ஒரு குடியிருப்பு, ஊரே ஒரு நூற்பாலையை நம்பி இருந்தது. 1930இல் அந்த ஆலை மூடியது. 478 குடும்பங்களில் முக்கால்வாசிக் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போய் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். வேலை இல்லாதவன் கோபத்தில் புரட்சி செய்வான் என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். இவர்கள் கண்டது நேர் எதிர். ஊர் நூலகத்தில் முன்பு புத்தகத்துக்குக் கட்டணம் உண்டு, பிறகு இலவசமாக்கினார்கள், நேரமும் கொட்டிக் கிடந்தது, ஆனாலும் எடுத்துப் படித்த புத்தகங்கள் இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தை ஒளிந்திருந்து அளந்தார்கள். மெதுவாக நடந்தார்கள், நடுநடுவே நின்றுவிட்டார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். நாள் முழுக்க என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள், அவர்களுக்குச் சமையலும் துணியும் குழந்தையும் அப்படியே இருந்தன, ஆலை மூடினாலும் அந்த ஷிப்டு மூடவில்லை. உங்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலை காசை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு வடிவம், பேச நான்கு பேர், நம்மால் யாருக்கோ உபயோகம் என்ற நினைப்பு, இவ்வளவையும் சேர்த்துத் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் விரித்து எழுதினார்.

இப்போது கேள்விக்குச் சம்பந்தமான இடம். அதே மாரியன்தால் கிராமட்நொய்சீடல் என்ற ஊராட்சிக்குள் இருக்கிறது. 2020 அக்டோபரில் அந்த மாநில வேலைவாய்ப்புத் துறை அங்கே ஒரு சோதனையைத் தொடங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கும் ஊர்க்காரர் எல்லோருக்கும் சம்பளத்தோடு வேலை நிச்சயம். முதலில் இரண்டு மாதப் பயிற்சி, பிறகு வேலை. மரப் பட்டறை, பூங்காப் பராமரிப்பு, தோட்டம், பழைய சாமான்களைப் புதுப்பிப்பது என்று. கட்டாயம் இல்லை, மறுத்தால் உதவித்தொகை போகாது. ஆனாலும் ஏறக்குறைய எல்லோரும் வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மாக்சிமிலியன் காசி, லூக்காஸ் லேனர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கூடவே இருந்து கணக்கெடுத்தார்கள். காசுப் பயம் குறைந்தது, நாளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது, நாலு பேரோடு பேசிப் பழகுவது கூடியது, ஊரில் ஒரு மதிப்பு வந்தது. உடல்நலத்தில் மட்டும் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை. தலைக்கு ஆன செலவு, அதே ஆளை வேலை இல்லாமல் வைத்திருந்தால் ஒரு வருடத்துக்கு ஆகும் செலவான சுமார் 30,000 யூரோவை ஒட்டியே இருந்தது.

உங்கள் ஊரில் அப்படி ஒரு திட்டம் இல்லை, அதனால் இது உங்களுக்கு ஆறுதலாகுமா என்று தெரியவில்லை. அவர் சோம்பேறி ஆகிவிட்டார் என்று யாராவது வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் தினமும் ஒரே நேரத்துக்குப் போய் வருகிற ஏதாவது ஒன்று, கோவில் கணக்கோ பள்ளிக்கூடத்துத் தோட்டமோ, அவருக்கு இப்போது வாடகைப் பணத்தைவிட அதிகம் உதவும். தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என் மாமா ஜெர்மனியில் என்னோடு இருக்கிறார், வயது 56, பத்து வருடமாக நிரந்தர வேலை இல்லை. ஜாப்சென்டரிலிருந்து ஒரு யூரோ வேலைக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மணிக்கு ஒரு யூரோவா? இது அவமானம் இல்லையா?
டோர்ட்முண்ட் வாசகர், சொந்த ஊர் யாழ்ப்பாணம்

பெயர் அப்படி ஆகிவிட்டது. 2005இல், உதவித்தொகை விதிகளை மாற்றிய ஹார்ட்ஸ் சீர்திருத்தத்தோடு பரவிய திட்டம் அது. உதவித்தொகை, வாடகை எல்லாம் அப்படியே தொடரும். அதற்கு மேல் மணிக்கு ஒன்றோ இரண்டோ யூரோ செலவுப்பணம். சட்டப்படி அது கூலியே இல்லை, அதனால் ஓய்வூதியக் கணக்கில் ஒன்றும் சேராது. அந்த வேலை பொதுநலனுக்கானதாகவும், வழக்கமாக நடக்கும் வேலைக்கு மேற்பட்டதாகவும், சந்தையில் யாருடைய பிழைப்பையும் பிடுங்காததாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. மாமாவை அனுப்பும் இடத்தில் முன்பு சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்த வேலையையே செய்யச் சொன்னால் கேள்வி கேட்கலாம். பேசாமல் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், தொகையில் வெட்டு விழலாம்.

அதைவிட முக்கியம்: 2019 ஜனவரியிலிருந்து அங்கே இன்னொரு வழி இருக்கிறது, சமூகச் சட்டத் தொகுப்பின் இரண்டாம் புத்தகத்தில் 16i பிரிவு என்று கேளுங்கள். கடந்த ஏழு வருடத்தில் ஆறு வருடமாவது உதவித்தொகையில் இருந்தவருக்கு, உண்மையான ஒப்பந்தத்தோடு உண்மையான வேலை. முதல் இரண்டு வருடம் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு முழுக்க அரசு கொடுக்கும், மூன்றாம் வருடம் 90 சதவீதம், பிறகு 80, 70. கூடவே பழகிக்கொள்ள உதவ ஒரு பயிற்றுநரும் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாமாவுக்குப் பொருந்தலாம். ஆனால் ஒவ்வொரு ஜாப்சென்டரிலும் அந்த வருடம் பணம் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும், எழுத்தில்.

கேள்வி: இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சரி. செலவுக்கு எங்கே போவது?
ஈரோடு வாசகர்

பிரான்சில் இந்தக் கேள்விக்கு ஒரு கணக்கே போட்டார்கள். நீண்டகாலம் வேலை இல்லாத ஒருவருக்கு உதவித்தொகை, வராமல் போகும் வரி, மற்ற செலவு எல்லாம் சேர்த்து அரசுக்கு ஏற்கனவே ஆகும் பணத்தை அப்படியே சம்பளமாக மாற்றினால் என்ன என்று. வறுமை ஒழிப்புக்காக வேலை செய்யும் ஏ.டி.டி. நான்காம் உலகம் என்ற இயக்கம் எடுத்த முயற்சி அது. 2016 பிப்ரவரியில் சட்டம் வந்தது, பத்து ஊர்களில் தொடங்கினார்கள், 2020 டிசம்பரில் இரண்டாவது சட்டம் வந்து ஊர்கள் கூடின. சம்பளம் குறைந்தபட்சக் கூலி, ஒப்பந்தம் நிரந்தரம். எத்தனை மணி நேரம் முடியும் என்பதை வேலைக்கு வருபவரே சொல்லலாம். உள்ளூர் கடைக்காரருக்குப் போட்டியாக எதையும் தொடங்கக் கூடாது.

கணக்கு சரியாக வந்ததா? முழுக்க இல்லை. 2019இல் அரசுத் தணிக்கையாளர்கள் பார்த்துவிட்டு, நீங்கள் சொன்ன அளவுக்கு மிச்சம் இல்லை என்றார்கள். திட்டத்துக்கு வந்தவர்களில் பலர் முன்பு முழு உதவித்தொகை வாங்கியவர்களே இல்லை, அதனால் சேமிப்பும் குறைவு. 2023இல் அரசு தன் பங்கைக் குறைத்தபோது அந்த ஊர் நிறுவனங்கள் கொதித்துப் போயின. ஓசியில் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொஞ்சம் கூடுதலாக ஆகும், அதைக் கொடுக்கலாமா என்பதுதான் பேச வேண்டியது. கொடுக்கலாம் என்பது என் பதில்.

கேள்வி: இதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அப்புறம் வெளியே நிரந்தர வேலை கிடைத்தது? அதை ஏன் எழுதுவதில்லை?
ஓசூர் வாசகர்

அது ஒன்றை மட்டும் வைத்து மார்க் போட்டால், நடத்துபவர்கள் சுலபமாக வேலை கிடைக்கக்கூடிய ஆளாகப் பார்த்துச் சேர்ப்பார்கள், 55 வயதுக்காரரை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். பல நாடுகளில் அதுதான் நடந்தது.

கேள்வி: எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து ஏழு வருடம் ஆகிறது, பட்டப்படிப்பு. ஊர் வேலை எல்லாம் இருக்கட்டும், இப்போதைக்கு நம் அரசிடம் எனக்கு என்ன கிடைக்கும்?
திண்டுக்கல் வாசகி

வேலையில்லா இளைஞர்களுக்கான உதவித்தொகை உண்டு, ஆனால் தொகையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், உங்களுக்கு முடிந்துவிட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், வயது 40க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. மூன்று வருடம் கொடுப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் கூடுதல், பதிந்து ஒரு வருடம் ஆனாலே போதும்.

நகரத்தில் வேலை உறுதி என்று பார்த்தால் கேரளத்தில் அய்யன்காளி பெயரில் ஒன்று உண்டு, ராஜஸ்தான் 2022இல் ஒன்று தொடங்கியது. இரண்டும் பெரும்பாலும் உடலுழைப்பு வேலை. படித்துவிட்டு ஏழு வருடம் காத்திருப்பவருக்கு என்று நம் பக்கம் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை, அந்த 600 ரூபாயைத் தவிர.

விண்ணப்பத்தை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே கொடுக்கலாம். போவதற்கு முன் உங்கள் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் பதிவு மூப்பு போய்விடும், அந்த ஐந்து வருடக் கணக்கும் சேர்ந்து அடிபடும்.